கையில் வவுச்சர், கவுண்டரில் பூட்டு

பிரிட்டனில் ரயில் 15 நிமிடம் தாமதமானாலே பல ரயில் கம்பெனிகளிடம் இழப்பீடு கேட்கலாம். 'டிலே ரீபே' என்பார்கள். 15 முதல் 29 நிமிடம் வரை என்றால் ஒருவழிக் கட்டணத்தில் கால்வாசி, 30 முதல் 59 வரை பாதி, ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் முழுசு. 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரைக்கும் யாரும் பெரிதாகச் சறுக்குவதில்லை. படிவத்தின் கடைசியில், தொகை எப்படி வேண்டும் என்று கேட்கும் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணைத் தேடிப் போட அலுப்பு. சரி, வவுச்சராகவே, அதாவது ரயில் டிக்கெட் வாங்க மட்டும் உதவும் சீட்டாகவே வரட்டும் என்று தட்டிவிடுகிறார்கள்.

2015 ஜூலைக்கு முன்பு வவுச்சர்தான் வழக்கம். அதற்குப் பிறகு பணமாகவே கேட்டு வாங்கும் உரிமை வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் வவுச்சரைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே வந்துவிட்டதா? அப்படியானால் அதை எங்கே மாற்றலாம் என்று முதலில் பாருங்கள். தாளில் அச்சடித்து வரும் ரயில் வவுச்சரை டிக்கெட் மெஷின் வாங்காது. போனில் இருக்கும் டிக்கெட் ஆப்களிலும் போட முடியாது. ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். சில கம்பெனிகள் தாளுக்குப் பதில் குறியீட்டு எண் அனுப்புகின்றன. அது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் செல்லும்.

கவுண்டர் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பி, பயண நாள் காலையில் வவுச்சரோடு ஸ்டேஷனுக்குப் போவது அடுத்த தவறு. இங்கிலாந்தில் பெரும்பாலான டிக்கெட் கவுண்டர்களை மூடும் திட்டம் 2023 அக்டோபரில் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனால் சின்ன ஸ்டேஷன்கள் பலவற்றில் கவுண்டரே கிடையாது, இருக்கும் இடங்களிலும் சிலவற்றில் மதியத்தோடு இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மெஷின் வவுச்சரை ஏற்காததால் டிக்கெட் எடுக்கவில்லை என்று ரயிலில் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று ஏறாதீர்கள். இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்ட், அதோடு ஒருவழிக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் 50 ஆகும். அதற்கு மெஷினில் கார்டைத் தேய்த்துவிட்டு, வவுச்சரை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வது மேல்.

கவுண்டரில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். கட்டணம் 18.40 பவுண்ட், நீங்கள் நீட்டுவது 20 பவுண்ட் வவுச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.60 போயே போச்சு. அதனால் வவுச்சரின் மதிப்பு கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்து, மிச்சத்தைக் கார்டில் கட்டுங்கள். 10 பவுண்ட், 5 பவுண்ட் என்று பல தாள்கள் இருந்தால் ஒரே டிக்கெட்டுக்குச் சேர்த்தே கொடுக்கலாம். ரயில்கார்டு என்ற சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி வவுச்சரில் வாங்கினாலும் உண்டு. வரிசை நகர்கிற அவசரத்தில் அதைச் சொல்ல மறந்து முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

வவுச்சரின் ஆயுள் வழக்கமாக 12 மாதம், அதுவும் வழங்கிய தேதியிலிருந்து. உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பயணத்துக்கு ஆகட்டும் என்று இழுப்பறையில் போட்டு வைத்தவை பல அங்கேயே காலாவதியாகின்றன.

காலாவதியாகப் போகிறதே என்று பதறி, குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கென்று முன்கூட்டியே எடுக்கும் 'அட்வான்ஸ்' டிக்கெட் வாங்கிப் போடுவதும் உண்டு. விலை மலிவுதான், ஆனால் மனசு மாறிப் பயணத்தை ரத்து செய்தால் காசு திரும்பாது. திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை எடுத்திருந்தாலும், வவுச்சரில் வாங்கியது பெரும்பாலும் வவுச்சராகத்தான் வரும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. வவுச்சரில் வாங்கிய டிக்கெட்டில் போகும்போது ரயில் மறுபடி தாமதமானால், அதற்கும் இழப்பீடு கேட்கலாம். ஓசி டிக்கெட்தானே என்று விட்டுவிடாதீர்கள். இறங்கும் ஸ்டேஷனின் தானியங்கிக் கதவு தாள் டிக்கெட்டை விழுங்கிவிடும், அதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு இந்த முறை வங்கிக் கணக்கு எண்ணைப் போடுங்கள்.