ஜாய்ஸ்டிக் மேல் பழி போடுவதற்கு முன்

நான் தண்டையார்பேட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தெருமுனையில் ஒரு கேம் கடை இருந்தது. நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். தோற்றவன் எவனானாலும் ஒரே வசனம்தான்: "அண்ணா, இந்த ரிமோட் வேலை செய்யலண்ணா." கடைக்கார அண்ணன் பதிலே பேசமாட்டார். ரிமோட்டை, அதாவது ஜாய்ஸ்டிக்கை, வாங்கி, அதே டிவியில் ஒரு ரவுண்டு ஆடி ஜெயித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இன்று என் அக்கா மகன் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறான்: "மாமா, கண்ட்ரோல்ஸ் மொக்கை." அதாவது பட்டனை அமுக்கினால் கேம் சொன்னபடி கேட்கவில்லையாம். சில நேரம் அது உண்மை. பெரும்பாலும் நம் கையில்தான் கோளாறு.

அந்தக் கடையில் எல்லாரும் செய்த தவறு, கண்ணை மூடிக்கொண்டு எல்லா பட்டனையும் குத்துவது. 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3 என்ற சண்டை கேம்தான் அங்கே ராஜா. அதில் நான்கு பட்டனுக்கும் நான்கு கைகால்: சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, எக்ஸ் இடது கால், வட்டம் வலது கால். இப்படி உடம்பையே பட்டனில் பிரித்து வைத்ததால் ஒன்றும் தெரியாதவனும் பத்து நிமிடத்தில் ஆடலாம். அதிலும் எடி கோர்டோ என்ற கபோயரா (பிரேசில் நாட்டுச் சண்டைக் கலை) வீரனை எடுத்துக்கொண்டு உதை பட்டன் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினால் போதும், கரணம் போட்டே எதிராளியைச் சாய்த்துவிடுவான். எடியை எடுத்தாலே கடையில் சண்டை வரும். அப்படி ஜெயித்தவன் தனக்கு ஆடத் தெரியும் என்று நம்பிவிடுவான். தடுக்கத் தெரிந்த ஒருத்தன் எதிரே உட்காரும்வரைதான் அந்த நம்பிக்கை.

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பாக்ஸிங் பழகுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு குத்தில் மூன்று கட்டம்: கை கிளம்புவது, படுவது, திரும்பி வந்து முகத்தை மூடுவது. பயிற்சியில் திட்டு விழுவதெல்லாம் பெரும்பாலும் மூன்றாவதுக்குத்தான். சண்டை கேமிலும் இதே மூன்று கட்டம், ஃப்ரேம் கணக்கில். ஃப்ரேம் என்பது திரையில் மாறும் ஒவ்வொரு படம்; ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம். இப்போதைய டெக்கன் 8-ல் பெரும்பாலான ஆட்களின் வேகமான குத்து 10 ஃப்ரேமில் படும், அதாவது செகண்டில் ஆறில் ஒரு பங்கு. நீங்கள் ஒரு பெரிய உதை விட்டு, அவன் அதைத் தடுத்து, உங்கள் கால் தரைக்கு வர அவனைவிடப் பத்து ஃப்ரேம் கூடுதலாக ஆனால் அவனுடைய அடுத்த குத்து உங்கள்மேல் விழுவது நிச்சயம். எந்த பட்டனை எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் தப்பிக்க முடியாது. ஆகவே புது ஆளை எடுத்தால் அழகான காம்போவை (அடுக்கடுக்கான தொடர் அடியை) தேடுவதற்கு முன், எந்த அடி தடுக்கப்பட்டால் உதை வாங்குவோம் என்று பாருங்கள்.

அடுத்தது, ஒரு கேமில் பழகிய கையை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோவது. இதில் நானே பட்டிருக்கிறேன். 2011-ல் வந்த டார்க் சோல்ஸ் என்ற வாள் சண்டை கேமில் ஓங்கிய வாளை நடுவில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு வெட்டும், அடிக்குத் தப்ப உருளும் உருளலும் ஸ்டாமினாவை, அதாவது ஆளின் தெம்பை, தின்னும். பதற்றத்தில் மூன்று தடவை தட்டினால், ஒரு அசைவு முடிவதற்குள் தட்டிய அடுத்த பட்டனை கேம் ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு செய்யும். 'நான் உருளச் சொல்லவே இல்லையே' என்று கத்துவோம். சொல்லியிருப்போம், அரை செகண்டுக்கு முன்னால். சரி, அங்கே அடி வாங்கி வாங்கிப் பொறுமையும் விலகலும் பழகிவிட்டது. அந்த கேமைச் செய்த அதே நிறுவனத்தின் செகிரோ என்ற இன்னொரு வாள் சண்டை கேம் 2019-ல் வந்தபோது அதே கையோடு போய் உட்கார்ந்தேன். விலகி விலகி ஓடினேன். முதல் பெரிய எதிரியிடமே வாரக்கணக்கில் செத்தேன். அதில் ஸ்டாமினாவே கிடையாது. எதிரே நின்று, வாள் வந்து படும் கணத்தில் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தட்டலும் எதிரியின் நிலையைக் குலைக்கும். முழுதாகக் குலைந்தால், உயிர் பாக்கியிருந்தாலும் ஒரே குத்தில் முடித்துவிடலாம். நாம் ஒதுங்கி நிற்கும்போது அவன் நிலை தேறிக்கொள்ளும். கண்ட்ரோல் சொன்னது 'முன்னே வா' என்று. நான் கேட்டது பழைய கேமின் குரல்.

இன்னொரு தவறு, வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாட்டைக் கோளாறு என்று நினைப்பது. 1996-ன் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமில் ஆள் லாரி திரும்புவதுபோல் திரும்புவான். காரணம் இருக்கிறது. அதில் கேமரா ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையில் நிலையாக நிற்கும், நடந்தால் சட்டென்று வேறு மூலைக்குத் தாவும். திரையை வைத்துத் திசை தீர்மானித்தால் பல தாவல்களில் நாம் வந்த வழியே திரும்பி ஓடுவோம். அதனால்தான் ஆள் பார்க்கும் திசையை வைத்தே முன்னே, பின்னே என்று கண்ட்ரோல். 2005-ன் ரெசிடென்ட் ஈவில் 4-ல் துப்பாக்கியைக் குறிவைத்தால் நடக்க முடியாது. நின்று சுடுவதா, ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு எடுக்க வைத்ததால்தான் அத்தனை பயம். 2023-ல் வந்த மறு ஆக்கத்தில் குறிவைத்தபடி நடக்கலாம். அதற்கேற்ப எதிரிகளும் வெறியோடு மேலே பாய்கிறார்கள்.

அப்படியானால் நிஜமான கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே இடத்தில் ஒரே பட்டனை ஒரே நேரத்தில் பத்து தடவை அமுக்கிப் பாருங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்தால் அது விதி, பழகிக்கொள்ளுங்கள். வேறு வேறாக வந்தால் தாராளமாகத் திட்டலாம்.

எளிய கண்ட்ரோலை இளப்பமாகப் பார்ப்பதும் வேண்டாத வீம்பு. 2023-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேமில் ஒற்றை பட்டனில் விசேஷ அடி வரும் முறை உண்டு; பதிலுக்கு அப்படி விடும் அடியின் வலு குறையும். இரண்டு பக்கமும் விலை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

போனில் ஆடுகிறவர்களிடம் வருவோம். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் பசங்க யூடியூபில் யாரோ போட்ட சென்சிடிவிட்டி எண்களை (விரல் நகர்ந்தால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவை) அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அவர் போன் வேறு, திரை அளவு வேறு, அவர் நான்கு விரலில் ஆடுகிறார், நீங்கள் இரண்டு கட்டை விரலில். பயிற்சித் தளத்தில் ஒரு சுவரைச் சுட்டுக்கொண்டே நீங்களே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒரு எண் பொருந்தியதும் இரண்டு வாரமாவது அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தோல்விக்கும் எண்ணை மாற்றினால் கை எதைத்தான் பழகும்? விரல் வியர்வையில் திரை வழுக்குவது வேறு பிரச்சினை. காசிமேட்டுக் காற்றில் மே மாதம் ஆடிப் பார்த்தால் தெரியும். எங்கள் தெருப் பசங்க கேரம் பவுடரைத் துளி விரலில் தேய்த்துக்கொள்கிறார்கள், பலகைக்கு உதவுவது போனுக்கும் உதவுகிறது.

டிவியில் ஆடுகிறவர்கள் டிவி செட்டிங்ஸில் கேம் மோடைத் தேடிப் போட்டுவிட்டுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொட வேண்டும். படத்தை அழகுபடுத்த டிவி உள்ளுக்குள் செய்யும் வேலையால் சில டிவிகளில் படம் 100 மில்லி செகண்ட்வரை தாமதமாக வரும். அது ஆறு ஃப்ரேம். செகிரோவில் வாளைத் தட்டிவிட அந்தத் தாமதம் பெரிய இடைஞ்சல்.

இதெல்லாம் பார்த்த பிறகும், ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உங்கள் ஆள் தானாக நடந்து பள்ளத்தில் விழுந்தால், குச்சி உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மட்டும் அண்ணனைக் கூப்பிடலாம்.