ஆடிச் சாரலில் கோத்தகிரி: சனி, ஞாயிறு இரண்டே நாளில் போய் வருவது எப்படி

நீலகிரியில் ஆஃப் சீசன் என்பது மலை முழுவதற்கும் ஒன்றல்ல. இது தெரியாமல் ஜூலையில் ஊட்டியில் அறை போட்டுவிட்டு, இரண்டு நாளும் ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். எந்தச் சரிவுக்குப் போவது என்பதுதான் முதல் முடிவு. தேதி, அறை எல்லாம் அதற்குப் பிறகு.

தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து வருகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மேகத்தைத் தடுத்து நிறுத்துவது 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாத் தொடர். கோத்தகிரி அதற்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறது. ஊட்டியில் அடைமழை என்றால் இங்கே பெரும்பாலும் சாரலும் மூடுபனியும்தான். நடுநடுவே வெயிலும் அடிக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நேராக இந்தக் கிழக்குச் சரிவில்தான் மோதும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கூட்டம் இல்லை, அறை மலிவு என்று யாராவது நவம்பரில் கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஆகவே ஜூன் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் ஒரு வார இறுதி. ஆகஸ்ட் 15 தொடர் விடுமுறையைத் தவிருங்கள், அன்று மலை முழுக்கக் கார்தான். இன்னொரு வசதியும் உண்டு: கோடை சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கும் ஒருவழிப் பாதை முறை வரும். ஜூலையில் அந்த நெரிசல் இருக்காது.

1. ஏறுவது

சென்னையிலிருந்து என்றால் வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை ஆறு மணிவாக்கில் மேட்டுப்பாளையம். ரயிலில் வந்த பாதிக்கூட்டம் 7.10 மலை ரயிலுக்கு ஓடும். நீங்கள் பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். கோவையிலிருந்து வருபவர்களுக்கும் மேட்டுப்பாளையம்தான் வாசல். அங்கிருந்து கோத்தகிரி 33 கி.மீ., ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் முன்பக்க இருக்கையைப் பிடியுங்கள். ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

என் பரிந்துரை அரசுப் பேருந்துதான். கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கும்போது, தினமும் அதே ரோட்டில் ஓட்டும் டிரைவர் கையில் ஸ்டியரிங் இருப்பது நல்லது. பேருந்துப் பயணிகளுக்கு இ-பாஸும் (மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டாம்.

சொந்தக் காரில்தான் வருவேன் என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், போகும் நாள் கொடுத்தால் க்யூஆர் கோடுடன் கிடைக்கும். இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தனித்தனிப் பாஸ். அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டால் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான். அடுத்தது வாடகைக் கார். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பினால் பாஸில் உள்ள எண் பொருந்தாது. வண்டி வாசலுக்கு வந்த பிறகு எண்ணைப் பார்த்துப் பாஸ் எடுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும்.

2. பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு நாளும் காயாது. மெல்லிய பேன்ட் இரண்டு, காலுறை நான்கு ஜோடி, ஒரு ஸ்வெட்டர். இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கும். ஊருக்குள் நடக்கக் குடை, சோலைக்குள் மழைக்கோட்டு. கிளைகளுக்கு நடுவே குடை பிடித்து நடக்க முடியாது, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். டார்ச் ஒன்று. அட்டைப்பூச்சிக்கு முழங்கால் வரை ஏறும் துணிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், பேன்ட்டின் நுனியை அதற்குள் செருகிவிட வேண்டும். துணியில் முடிந்த கல் உப்பு ஒன்று கூடவே இருக்கட்டும். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது. உப்பு முடிச்சை நனைத்துத் தொட்டால் தானே விழும்.

3. சனிக்கிழமை: சோலை

அறையில் பையைப் போட்டதும் வனத்துறை அலுவலகம். லாங்வுட் சோலைக்குள் போக அனுமதி வேண்டும், அதனால்தான் இதைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். ஞாயிறன்று அலுவலகத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஊரிலிருந்து மூன்று கி.மீ. வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் கடல் மாதிரி சூழ்ந்திருக்க, நடுவே தீவாக நிற்கும் காடு இது. மழையை வேரிலும் மட்கிலும் பிடித்து வைத்து ஓடைகளாகக் கசியவிட்டு, கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது. 2024 தொடக்கத்தில் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஏரியோ சதுப்போ பரந்து கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், உள்ளே இருட்டும் ஈரமும் பாசியும்தான். அதுவே அதன் அழகு. நடையைக் குறைத்து, ஓர் இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கூட்டமாகச் சிரிப்பது கேட்கும். காட்டெருமை எதிரே நின்றால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். படம் எடுக்க நெருங்காதீர்கள்.

பிற்பகலில் கன்னேரிமுக்கு. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா, இப்போது அவர் நினைவகம். ஒரு மணி நேரம் போதும்.

இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே நடக்க வேண்டாம். கோத்தகிரியில் கரடி தெருவுக்குள்ளேயே வருகிறது. ஏழு மணிக்குள் பேக்கரியில் சூடான வர்க்கியும் டீயும் முடித்து அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

4. ஞாயிறு: கோடநாடு (பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்)

வழக்கமாகச் செய்வது: காலையில் நிதானமாக எழுந்து, டிபன் முடித்து, பதினொரு மணிக்குக் கோடநாடு காட்சிமுனை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெள்ளை. காரணம் எளிது. வெயில் ஏற ஏறச் சமவெளிக் காற்று சூடாகி, ஈரத்தோடு சரிவில் மேலேறும். உயரத்தில் குளிர்ந்து மேகமாகும். அந்த மேகம் காட்சிமுனையை மூடும். எனவே ஏழரை மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். ஒன்பதைத் தாண்டினால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ. அவ்வளவு காலையில் பேருந்தை நம்ப முடியாது. சனிக்கிழமை மாலையே ஒரு டாக்ஸி பேசி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே தொகையை முடித்துக்கொள்ளுங்கள். போனதும் மூடியிருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள். காற்று திரும்பினால் திரை விலகிய மாதிரி திறக்கும்: கீழே மோயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம், பக்கத்தில் ரங்கசாமி சிகரம்.

5. இறங்குவது

அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு கிளம்புங்கள். கேத்தரின் அருவிக்குப் பிரியும் அரவேணு, மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே இருக்கிறது, திரும்பி வர வேண்டியதில்லை. அருவியின் தலைப்பகுதிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். பாறை முழுக்கப் பாசி. மேலே மழை பெய்தால் தண்ணீர் சொல்லாமல் ஏறும். ஓடையில் இறங்கவே வேண்டாம்.

நான்கு மணிக்குள் குஞ்சப்பனையைத் தாண்டிவிடுங்கள். ஜூன், ஜூலை பலாப்பழ சீசன். முள்ளூர், குஞ்சப்பனை பக்கம் பழம் தேடி யானைகள் ரோட்டோரம் நிற்கும், சாயங்காலம் பனியும் சேர்ந்துகொள்ளும். காரில் வருபவர்கள் யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

சென்னை ரயில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அதுவரை மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டு ஆற அமர இருக்கலாம். பெட்டியில் ஏறுமுன் ஷூவைக் கழற்றி உதறி, ஷூவின் நாக்குக்கு அடியிலும் பாருங்கள். கடைசி அட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும்.