ரஷ்யாவுக்குக் குடும்பமாக: எட்டுப் பேர், இரண்டு ஊர், எட்டு நாள்

தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தை வரை எட்டுப் பேர், மாஸ்கோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும். இந்தக் கணக்கில்தான் கீழே உள்ள வரிசை.

1. முதலில் கிழமை, பிறகு தேதி

மாஸ்கோவில் கிரெம்ளினுக்கு வியாழன் விடுமுறை. பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். அதன் அருகே, அம்பர் அறை (சுவரெல்லாம் அம்பர் கல் பதித்த அறை) இருக்கும் கேத்தரின் அரண்மனைக்குச் செவ்வாய். சனிக்கிழமை மாஸ்கோவில் இறங்கி, புதன் காலை பீட்டர்ஸ்பர்க்குக்கு ரயிலேறினால் மூன்றிலும் மாட்ட மாட்டீர்கள். பீட்டர்ஸ்பர்க் அருகே பீட்டர்ஹாஃப் அரண்மனையின் நீரூற்றுகள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான்; அதற்கு வெளியே போனால் பூங்காவில் வெறும் சிலைகள்தான்.

2. இ-விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உண்டு. விண்ணப்பித்து நான்கு நாளில் வரும். 2025 ஆகஸ்ட் முதல் 120 நாள் செல்லும், அதற்குள் 30 நாள் தங்கலாம் (முன்பு 60, 16). விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்கவேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம்.

சிக்கல் பெயரில்தான். நம் வீடுகளில் ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்கு சர்நேம் கட்டமே காலி, அப்பாவுக்கு இனிஷியல் விரிந்து சர்நேம் ஆகியிருக்கும், பேத்திக்கு அப்பா பெயர் சர்நேம். ஒருவருக்கு நிரப்பியதைப் பார்த்து அடுத்தவருக்கும் அப்படியே அடித்தால் தவறு நிச்சயம். ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் புகைப்படப் பக்கத்தின் அடியில் '<<' குறிகளோடு இரண்டு வரி இருக்கும். எல்லையில் இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் உள்ளபடியே விசாவில், அதே எழுத்துக்கள் விமான, ரயில் டிக்கெட்டிலும். வந்த விசாவில் ஓரெழுத்து பிழை என்றாலும் திருத்த முடியாது. புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்டவேண்டும். அதனால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எல்லையில் தரும் குடியேற்றச் சீட்டைத் திரும்பும் வரை பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள்.

3. பணம்

நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்வதில்லை. கையில் டாலரோ யூரோவோ ரொக்கமாக வேண்டும். கிறுக்கல், கிழிசல், முத்திரை இல்லாத புதுத் தாள்களாக வாங்குங்கள். அழுக்கு நோட்டை வங்கிகள் மறுக்கும். மூன்று பெரியவர்களிடம் பிரித்து வையுங்கள். விமான நிலையத்தில் டாக்ஸிக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, மீதியை நகரத்து வங்கிக் கிளையில் மாற்றுவதே லாபம்.

4. பீட்டர்ஸ்பர்க்கில் எந்தக் கரை?

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை நேவா நதிப் பாலங்கள் நள்ளிரவு தாண்டித் தூக்கப்படும். அரண்மனைப் பாலம் மேலெழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் ஹோட்டல் நதிக்கு அந்தப் பக்கம் வாசிலியேவ்ஸ்கி தீவில் இருந்தால், பாலத்துக்கு இந்தப் பக்கம் தூங்கி வழியும் குழந்தையோடு காத்துக்கிடக்க நேரலாம். மெட்ரோவும் அதற்குள் மூடியிருக்கும். இந்தக் கரையில் உள்ள முக்கிய வீதியான நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் பக்கம் அறை எடுங்கள், வாடகை கூடினாலும்.

5. சாப்சான் ரயில்

மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குப் போகும் அதிவேக ரயில் இது. சுமார் 650 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள். மாஸ்கோவில் ஏறும் நிலையத்தின் பெயர் லெனின்கிராட்ஸ்கி, இறங்குவது மாஸ்கோவ்ஸ்கி. எந்த ஊருக்கு ரயில் போகிறதோ அந்தப் பெயர்; லெனின்கிராட் என்பது பீட்டர்ஸ்பர்க்கின் பழைய பெயர். பெட்டி வாசலில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பெரிய சூட்கேஸ் வைக்க இடம் குறைவு, முன்னதாக ஏறுங்கள்.

6. ஊருக்குள்

மாஸ்கோ மெட்ரோவுக்கு ட்ரோய்கா அட்டையில் பணம் போட்டுவைத்தால், ஒரே அட்டையை ஒவ்வொருவருக்கும் ஒரு முறை தட்டி உள்ளே விடலாம். அளவில்லாப் பயண அட்டையில் இது நடக்காது. பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. பீட்டர்ஸ்பர்க்கின் அட்மிரல்தெய்ஸ்கயா 86 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டரில் தலைசுற்றும் பெரியவர்களுக்கு யாண்டெக்ஸ் டாக்ஸியே மேல். சாதாரணக் காரில் நான்கு பேர்தான். மினிவேன் பிரிவைத் தேடுங்கள். சிறு குழந்தை இருந்தால் குழந்தை இருக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: சைவம்

'வெஜிடேரியன்' என்றால் மீன் வரலாம், முட்டைக்கோஸ் சூப் மாட்டிறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கலாம். 'பெஸ் மியாசா, பெஸ் ரீபி' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லுங்கள். ஜார்ஜிய உணவகம் கண்ணில் பட்டால் நுழைந்துவிடுங்கள்: சீஸ் ரொட்டியான ஹச்சாபுரி, பீன்ஸில் செய்யும் லோபியோ இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும்.