பழைய அயர்ன் செட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஓரளவு ஆடப் பழகியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் கடந்து, பந்து ஓரளவு நேராக எழும்பத் தொடங்கி, ஏறத்தாழ நூறு முறை பந்தை அடித்து ஒரு சுற்றை முடிக்கும் நிலைக்கு வந்தவருக்கு, முதன்முதலில் வாங்கிய தொடக்க செட் போதாது என்று தோன்றும் கட்டம் ஒன்று வரும். அந்தக் கட்டத்தில் கடைக்குப் புதிதாக வந்த செட்டுக்குப் பெரும் பணம் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அயர்ன் என்னும் மட்டையின் தலை எஃகால் ஆனது. ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்ட தலை, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழப் பழைய தூரத்துக்கே பந்தை அனுப்பும். நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மாடலை வெளியிடுவதால், முந்தைய மாடல்களின் விலை தானாகவே இறங்கிவிடுகிறது.

பழைய செட்டில் உள்ள சிக்கல் தேய்மானம் அன்று. அது வேறொருவரின் உடலுக்கும் வேறொருவரின் ஸ்விங்குக்கும், அதாவது மட்டையைச் சுழற்றும் முறைக்கும், ஏற்றபடி வாங்கப்பட்டது என்பதே உண்மையான சிக்கல். நான் முதலில் வாங்கிய பழைய செட், கண்ணாடி போல் மின்னிய பிளேடு வகை. அதன் ஷாஃப்ட்டில் (தண்டில்) ஒட்டியிருந்த சிறிய பட்டையை நான் படிக்கவே இல்லை. கனமான, விறைப்பான எஃகு ஷாஃப்ட் அது. மையத்தை விட்டு விலகி அடித்த ஒவ்வொரு முறையும் கை விறைத்துப் போயிற்று. ஆறு மாதங்களில் அதை நட்டத்துக்கு விற்றேன். தலையில் பொறித்த பெயருக்கு முன்பாக ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கீழே உள்ள வரிசையும் அதை ஒட்டியே அமைந்துள்ளது.

படி 1: தேடத் தொடங்கும் முன் உங்களை அளந்துகொள்ளுங்கள்

பயிற்சித் திடலில் இப்போதுள்ள 7-அயர்னால் (அடியில் 7 என்ற எண் பொறித்தது) இருபது பந்துகளை அடியுங்கள். மிகத் தொலைவில் விழுந்த மூன்றையும் மிக அருகில் விழுந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளவை தரையைத் தொடும் இடம் சராசரியாக எத்தனை யார்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். பந்து உருண்டு நின்ற இடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்து, அயர்னின் முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள். பாதங்களுக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை அயர்னின் முகத்தில் மெல்லியதாக அடித்தால், ஒவ்வொரு பந்தும் வட்டமாக ஒரு தடத்தை விட்டுச் செல்லும். பத்துத் தடங்கள் ஒரு நாணய அளவுக்குள் அடங்கினால் ஒரு வகைத் தலை உங்களுக்குப் பொருந்தும். நுனியிலிருந்து குதிகால் (தலையில் ஷாஃப்ட்டை ஒட்டிய பக்கம்) வரை சிதறியிருந்தால் வேறு வகை.

மூன்றாவதாக, காலணியுடன் நிமிர்ந்து நின்று, கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரமும் இந்த அளவும் சேர்ந்துதான் அயர்னின் நீளத்தையும் சாய்வையும் (ஷாஃப்ட் தரையோடு அமையும் கோணம்) முடிவு செய்ய உதவும். உயரமானவர்கள் எல்லாருக்கும் நீளமான அயர்ன் வேண்டும் என்பதில்லை. கைகள் நீளமாக இருந்தால் வழக்கமான நீளமே போதும்.

படி 2: தலையின் வகையை முடிவு செய்யுங்கள்

பிளேடு வகைத் தலையில் எடை முழுவதும் முகத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் குவிந்திருக்கும். கேவிட்டி பேக் வகையில் பின்புறத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்கு நகர்த்தியிருப்பார்கள். இதைப் பரவலாக்கியதில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைமுக்குப் பெரும் பங்கு உண்டு. 1982-இல் வெளிவந்த பிங் ஐ2 அயர்ன் இந்த அமைப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஓரத்தில் எடை இருந்தால், மையத்தை விட்டு விலகிப் பட்ட பந்திலும் தலை அதிகம் திரும்பாது; தூர இழப்பும் குறைவு.

பவுடர்த் தடங்கள் சிதறியிருந்தால், அகலமான அடிப்பாகமும் தடித்த மேல்விளிம்பும் கொண்ட கேவிட்டி பேக் அயர்னைத் தேர்ந்தெடுங்கள். தடங்கள் ஓரளவு நெருங்கியிருந்தால், சற்று மெல்லிய, சிறிய கேவிட்டி பேக் அயர்னை எடுக்கலாம். அது அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் உங்களோடு வரும். பிளேடை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மோசமாக அடித்தால் உடனே உணர்த்தும், அதனால் ஆட்டம் முன்னேறும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உணர்த்தியது கைவலியை மட்டும்தான்.

படி 3: ஷாஃப்ட்டைப் படியுங்கள்

பெரும்பாலான ஷாஃப்ட்களில் கிரிப்புக்கு (கைப்பிடிக்கு) கீழே ஒரு பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதில் நிறுவனத்தின் பெயர், வளையும் தன்மை, சில நேரங்களில் எடை ஆகியவை இருக்கும். வளையும் தன்மை, மூத்தோருக்கு ஏற்ற மென்மையானதிலிருந்து ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் எனப் படிப்படியாகக் குறையும். இதற்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர், மற்றொன்றின் ஸ்டிஃப்புக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். ஆகவே பட்டையிலுள்ள எழுத்தைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

படி 1-இல் குறித்த யார்டு இங்கே பயன்படும். தோராயமான கணக்காக, 7-அயர்னில் 140 யார்டுக்குள் பந்து தரையைத் தொட்டால் ரெகுலர் அல்லது அதைவிட மென்மையானது. 160 யார்டைத் தாண்டினால் ஸ்டிஃப். இடைப்பட்டவர்கள் இரண்டையும் அடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வளையும் தன்மையைவிட எடைக்கு நான் அதிக முக்கியத்துவம் தருவேன். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் விரும்பும் ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்ட் எஃகு ஷாஃப்ட் ஏறக்குறைய 130 கிராம் எடை கொண்டது. இலகுவான எஃகு ஷாஃப்ட்கள் 95 கிராமை ஒட்டியும், கிராஃபைட் ஷாஃப்ட்கள் பெரும்பாலும் அதற்கும் குறைவாகவும் இருக்கும். கையில் எடுத்தால் முப்பது கிராம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பதினைந்தாவது குழியில், களைத்த தோள்களோடு சுழற்றும்போதுதான் தெரியும். பழைய செட்களைத் தேடும்போது, நல்ல தலையில் இந்தக் கனமான ஷாஃப்ட் பொருத்தியவை மலிவாகக் கண்ணில் படுவது உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை எடுத்துவிட்டால், பிறகு ஷாஃப்ட் மாற்றும் செலவு செட்டின் விலையையே தாண்டிவிடலாம். முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்கள் கிராஃபைட்டை முதலில் தேடலாம். அது அதிர்வைக் குறைக்கும்.

படி 4: எண்ணைப் பார்க்காமல் கோணத்தைப் பாருங்கள்

அயர்னின் அடியில் பொறித்திருக்கும் எண் ஏமாற்றும். மரபான செட்டில் 7-அயர்னின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வுக் கோணம், 34 அல்லது 35 டிகிரி. அண்மைக்காலக் கேவிட்டி பேக் செட்கள் பலவற்றில் அது 28 முதல் 30 டிகிரி. அதாவது இன்றைய 7-அயர்ன், கோணத்தால் பழைய 6-அயர்னை, சில வேளைகளில் 5-அயர்னையே ஒத்திருக்கும். கோணம் குறைந்தால் பந்து கூடுதல் தொலைவு போகும். நண்பர் 7-அயர்னால் உங்களைவிட இருபது யார்டு கூடுதலாக அடித்தால் அவருடைய கையை மட்டும் பாராட்ட வேண்டியதில்லை.

இதன் விளைவு செட்டின் மறுமுனையில் தெரியும். குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் மட்டைகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியாக இருந்து, உங்களிடம் உள்ள சாண்ட் வெட்ஜ் 56 டிகிரியாக இருந்தால், இடையில் 13 டிகிரி வெற்றிடம் உண்டாகும். அந்தத் தூரத்திலிருந்து அடிக்க உங்களிடம் அயர்னே இருக்காது. அந்த செட்டுக்கு உரிய, இந்த வெற்றிடத்தை நிரப்பும் கேப் வெட்ஜும் சேர்ந்து கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 48 அல்லது 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

3-அயர்ன், 4-அயர்ன் இல்லாத செட்டை விட்டுவிட வேண்டாம். அவற்றின் இடத்தில் ஹைப்ரிட் (பந்தை எளிதாக எழுப்பும் மட்டை) வைப்பதே இந்த நிலையில் எளிது. பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 1938-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்றும் இருப்பதால், 5-அயர்ன் முதல் பிட்சிங் வெட்ஜ் வரையான ஆறு அயர்ன்களே தாராளம்.

படி 5: கையில் எடுத்துச் சோதியுங்கள்

7-அயர்ன், 8-அயர்ன், பிட்சிங் வெட்ஜ் ஆகிய மூன்றையும் முதலில் எடுங்கள். அதிகம் உழைத்தவை அவைதாம். பிட்சிங் வெட்ஜின் முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் கீழிருந்து மேலாகப் பள்ளக்கோடுகளின் குறுக்கே இழுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டித் தட்டிச் செல்ல வேண்டும். முகத்தின் நடுவே, நாணய அளவில், நகம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் அங்கே கோடுகள் மழுங்கிவிட்டன. ஈரப்புல்லிலிருந்து அடிக்கும் பந்து சுழற்சி குறைந்து, இறங்கிய இடத்தில் நிற்காமல் ஓடும். வெட்ஜில் மட்டும் இந்தக் குறை இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கி, அந்த ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். 7-அயர்னிலும் இருந்தால் அந்த செட் மிக நீண்ட காலம் உழைத்திருக்கிறது என்று பொருள். அயர்ன்கள் பைக்குள் ஒன்றோடொன்று மோதியதால் ஓரங்களில் விழுந்த சிறு கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். அவை விலையைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்காது.

பிறகு எல்லா அயர்ன்களையும் சுவரில் வரிசையாகச் சாய்த்து வையுங்கள். கிரிப்பின் நுனிகள் அரை அங்குல இடைவெளியில் சீராகப் படியிறங்க வேண்டும். ஒன்று மட்டும் முன்னுக்குப் பின் இருந்தால், அது உடைந்து மாற்றப்பட்டதாகவோ வேறு செட்டிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். ஷாஃப்ட் பட்டைகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பது போல் நீளவாக்கில் பாருங்கள். மெல்லச் சுழற்றினால் வளைவு இருந்தால் தெரிந்துவிடும். எஃகு ஷாஃப்ட்டில் மேலோட்டமான துரு துணியால் தேய்த்தால் போய்விடும். நகத்தில் குழியாகத் தட்டும் துரு ஷாஃப்ட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது. கிராஃபைட்டில் குறுக்குவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அந்த அயர்னை வாங்காதீர்கள். தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்திலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையம் மேலே நகர்ந்து இடைவெளி விட்டிருந்தால், உள்ளே பசை தளர்ந்திருக்கக்கூடும். தலையை ஒரு கையாலும் கிரிப்பை மறு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் விட்டுவிடுங்கள்.

அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். தேய்மானம் நடுவில் இருந்தால் முந்தைய உரிமையாளருக்கு அந்த ஷாஃப்ட்டின் சாய்வு பொருந்தியிருந்தது. குதிகால் பக்கமோ நுனிப் பக்கமோ மட்டும் தேய்ந்திருந்தால் அவருக்குப் பொருந்தவில்லை.

படி 6: போலியா என்று பாருங்கள்

புகழ்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் உண்டு. பொறித்த எழுத்துகளில் வண்ணம் விளிம்பை மீறி வழிந்திருப்பது, எழுத்துருவில் சிறு மாறுபாடு, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு ஆகியவை எச்சரிக்கைகள். பிங் போன்ற நிறுவனங்கள் அயர்னில் வரிசை எண்ணைப் பொறிக்கின்றன. அந்த எண்ணைக் கொண்டு அந்த செட் எந்த அளவில் தயாரிக்கப்பட்டது என்பதையும் நிறுவனத்திடமே அறிந்துகொள்ள முடியும். பெயரில்லாத மலிவு செட் என்றால் சிறு காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த தலையில் காந்தம் ஒட்டாது.

படி 7: வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை

பழைய கிரிப்கள் பளபளத்து இறுகியிருக்கும். அவற்றை மாற்றும் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடிப்பவருக்கு எந்த ஷாஃப்ட்டும் பொருந்தாது.

அடுத்து, படி 1-இல் சொன்ன ஷாஃப்ட் சாய்வைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. அழிக்கக்கூடிய மார்க்கரால் பந்தின் பின்புறம் செங்குத்தாகத் தடித்த கோடு ஒன்றை வரைந்து, அந்தக் கோடு அயர்னின் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோட்டின் தடம் முகத்தில் பதியும். அது பள்ளக்கோடுகளுக்குச் செங்குத்தாக நின்றால் சாய்வு பொருந்துகிறது. மேல்முனை தலையின் நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் அயர்ன் அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்புறம் போகும். குதிகால் பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கு நேர்மாறு. ஒரு பந்தை மட்டும் நம்பாமல் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். அடித்து உருவாக்கிய மென்மையான எஃகுத் தலையைப் பழுதுபார்ப்பவர் எளிதாக வளைத்துத் தருவார். வார்ப்புத் தலையை ஓரிரு டிகிரிக்கு மேல் வளைக்கப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால், தடம் வெகுவாகச் சாய்ந்து பதியும் வார்ப்பு செட்டைத் திருப்பித் தர இயலுமா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.