கேம் திரை கிழிகிறதா? விசிங்க்கோடு ஃபிரேம் வரம்பும் போடுங்கள்

கேமராவை வேகமாகத் திருப்பும்போது சுவரோ மரமோ நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். இதுதான் டியரிங். கிராஃபிக்ஸ் கார்டில் பழுது எதுவும் இல்லை, புது கார்டு வாங்கினாலும் இது தீராது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 60 முறை திரையை வரையும் மானிட்டர், ஒரு ஃபிரேமை (ஒரு முழுப் படத்தை) மேலிருந்து கீழாக வரைய ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் கார்டு அடுத்த ஃபிரேமை அனுப்பிவிட்டால், மானிட்டர் பாதியிலேயே புதியதற்குத் தாவிவிடும். தாவிய இடத்தில் கோடு விழும்.

மானிட்டர் ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கும்வரை அடுத்ததைக் காத்திருக்க வைக்கும் அமைப்புதான் விசிங்க். அதை ஆன் செய்தால் கிழிசல் போய்விடும், ஆனால் மவுஸ் கனத்துப்போகும். கார்டு வேகமாக முடித்த ஃபிரேம்கள் மானிட்டருக்காக வரிசையில் காத்துக் கிடப்பதுதான் காரணம். நீங்கள் பார்ப்பது எப்போதுமே பழைய ஃபிரேம். விநாடிக்கு இத்தனை ஃபிரேம்தான் என்று கார்டைக் கட்டுப்படுத்தி, வரிசையே சேராமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபிரேம் வரம்பின் வேலை. வரம்பு மட்டும் போட்டாலும் கிழிசல் முழுதாகப் போகாது. இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

1. மானிட்டர் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது?

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடுவது சர்வசாதாரணம். பட்டியலில் 144 வரவே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டில் ஜிசிங்க் (கார்டின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கட்டாயம், அந்த வரிசையில் ஹெச்டிஎம்ஐ வழியாக அது வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது கடைக்காரரிடம் வெறுமனே 'மானிட்டர் கேபிள்' என்று கேட்காமல், டிஸ்ப்ளேபோர்ட் என்று பெயர் சொல்லி, இரண்டு முனையையும் பார்த்து வாங்குங்கள்.

2. எதை வைத்து வரம்பு போடுவது?

கேமுக்குள்ளேயே வரம்பு இருந்தால் அதுவே முதல் தேர்வு, தாமதம் அதில்தான் குறைவு. இல்லையென்றால் ரிவாட்யூனர், அதாவது ஆர்டிஎஸ்எஸ் என்ற மென்பொருள். இதைத் தனியாகவே நிறுவலாம், அதோடு வழக்கமாக வரும் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் தேவையில்லை. ஃபிரேம்களுக்கிடையே உள்ள இடைவெளியை இவ்வளவு சீராக வைக்கும் கருவி வேறில்லை என்பது என் கருத்து. சில ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுத் தடுப்பு இதை ஏற்காது. அங்கே என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் போதும். ஏஎம்டி கார்டில் டிரைவர் மென்பொருளில் உள்ள ரேடியான் சில்லைத் திறந்து குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுங்கள்.

3. எண் என்ன?

ஜிசிங்க் அல்லது ஏஎம்டியின் அதேபோன்ற வசதியான ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் என்றால் எளிது. மானிட்டரின் சொந்த மெனுவில் அதை ஆன் செய்யுங்கள் (பலர் விட்டுவிடும் இடம் இது), பிறகு டிரைவரிலும். விசிங்க் டிரைவரில் ஆன், கேமுக்குள் ஆஃப். வரம்பு, ஹெர்ட்ஸைவிட 3 குறைவு: 144-க்கு 141, 165-க்கு 162. 144-ஐத் தொட்டதுமே மாறும் வேகம் நின்று பழைய விசிங்க் வரிசை திரும்பிவிடும். எந்த வரம்பும் ஒவ்வொரு ஃபிரேமிலும் துல்லியமாக இருக்காது, அதற்குத்தான் அந்த 3. கேமுக்குள் ரிஃப்ளெக்ஸ் (என்விடியாவின் தாமதம் குறைக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் 144-இல் 138 என்று தானாகவே நிற்கும், அதை மாற்ற வேண்டாம்.

சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில்தான் சிக்கலே. 60 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது 60 இல்லை, 59.95 போல ஏதோ ஒன்று. நீங்கள் 60 என்று வரம்பு போட்டால் கார்டு ஒரு மயிரிழை வேகமாக ஓடும், வரிசை மெல்ல நிரம்பும், சற்று நேரத்தில் அதே கனத்த மவுஸ். பயந்துபோய் 58 போட்டால் ஒவ்வொரு விநாடியும் இரண்டு ஃபிரேம் இருமுறை காட்டப்படும். அது கண்ணுக்குத் தெரியும் திக்கல்.

அதனால் விசிங்க்டெஸ்டர் தளத்தைத் திறந்து, எண் நிலைக்கும்வரை ஓடவிடுங்கள். 59.951 என்று வந்தால் 0.01 கழித்து 59.941. இப்போது நூறு விநாடிக்கு ஒருமுறைதான் ஒரு ஃபிரேம் திரும்ப வரும், யாருக்கும் தெரியாது. இந்தப் புள்ளி எண்ணைப் பதிய ஆர்டிஎஸ்எஸ்ஸை மூடிவிட்டு, அதன் ஃபோல்டருக்குள் புரொஃபைல்ஸில் இருக்கும் குளோபல் என்ற ஃபைலை நோட்பேடில் திறங்கள். லிமிட் வரியில் 59941, அடுத்து லிமிட் டினாமினேட்டர் வரியில் 1000. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேவ் ஆகாது. இந்த முறையில் விசிங்க் ஆனில்தான் இருக்க வேண்டும்.

கார்டுக்கு 60 எட்டவில்லையென்றால் முதலில் நிழல் தரத்தைக் குறையுங்கள். சில கேம்களில் விசிங்க் ஆனில் இருக்கும்போது 60-க்குக் கீழே போனால் நேராக 30-க்கு விழும்.

வரம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. மெனு திரையில் கார்டு காரணமே இல்லாமல் சில நூறு ஃபிரேம் ஓட்டிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது வீண் சூடு. 600 விஏ யுபிஎஸ்ஸின் தாங்குதிறன் பொதுவாக 360 வாட்ஸ்தான். கரண்ட் போனதும் சிஸ்டம் அணைந்துவிடுகிறது என்றால் வரம்பு போட்டுப் பாருங்கள், கார்டு இழுக்கும் மின்சாரம் குறையும்.

சேர்த்தது: லேப்டாப்பும் 75 ஹெர்ட்ஸும்

கன்ட்ரோல் பேனலில் ஜிசிங்க் பகுதியே இல்லையா? பல லேப்டாப்களில் திரை பிராசசரின் உள் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும். திரையை எதோடு இணைப்பது என்று தேர்ந்தெடுக்கும் மக்ஸ் சுவிட்ச் இருந்தால் தனி கார்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன 0.01 முறைதான் வழி.

48 முதல் 75 வரை மட்டும் ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டரில் 48-க்குக் கீழே போனால் ஃப்ரீசிங்க் கைவிட்டுவிடும். மேல் எல்லை கீழ் எல்லையின் இரண்டு மடங்காவது இருந்தால்தான் ஃபிரேமை இரட்டித்துச் சமாளிக்கும். அதில் 72 வரம்பு வைத்து, 50-க்குக் கீழே இறங்காத அளவுக்குத் தரத்தை அமையுங்கள்.

கேம், ஆர்டிஎஸ்எஸ், டிரைவர் மூன்றிலும் ஒரே நேரத்தில் வரம்பு போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி ஃபிரேம் இடைவெளி தாறுமாறாகும். ஒன்றில் போட்டு, மற்ற இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள்.