கடல் பிரித்த இரு மந்தைகள் சேர்ந்தே ஏறி இறங்குவது ஏன்? விரிதாளில் செய்து பார்ப்போம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் செயின்ட் கில்டா தீவுகள். அவற்றில் ஹிர்ட்டா, போரரே இரண்டிலும் மேய்ப்பனில்லாமல் செம்மறிகள் வாழ்கின்றன. நடுவே கடல், ஓர் ஆடும் தாண்டாது. ஆனாலும் இரு மந்தைகளும் சேர்ந்தே பெருகிச் சேர்ந்தே சரிகின்றன.

கனடாவின் லின்க்ஸ் காட்டுப்பூனைகளை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் மோரன், 1953இல் இதற்கு விடை சொன்னார்: பெருகும் விதி இரு இடத்திலும் ஒன்றாக இருந்தால், வானிலையின் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) எவ்வளவோ அவ்வளவுதான் எண்ணிக்கையின் ஒட்டுறவும்.

படி 1: ஏ நெடுவரிசையில் பொது வானிலை, பி, சி இரண்டிலும் தீவுகளின் சொந்த வானிலை. 500 வரிசைகள், சராசரி 0, திட்டவிலக்கம் 1 கொண்ட சமவாய்ப்பு எண்கள். இதற்கு லிப்ரே ஆபிஸ் கால்க்தான் நல்லது. அதன் மெனு வழியே நிரப்பினால் எண்கள் நிலைத்து நிற்கும். சூத்திரம் போட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறிவிடும்.

படி 2: டி, இ நெடுவரிசைகளில் மந்தைகள். இந்த ஆண்டு = 0.7 × போன ஆண்டு + பொது + சொந்தம். முதல் வரிசை 0. இவை எண்ணிக்கையின் மடக்கை, சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பது. குறை எண் வரத்தான் செய்யும்.

படி 3: டி, இ ஒட்டுறவைப் பாருங்கள். 0.5 பக்கம் வரும், ஏனென்றால் வானிலையில் பாதிதான் பொது.

படி 4: இங்கே நிதானம் வேண்டும். பொது வானிலையை 0 ஆக்கிவிட்டு, ஏதாவது 20 வரிசைகளை மட்டும் ஒப்பிடுங்கள். சில இடங்களில் 0.4கூட வரும்! தொடர்பே இல்லாத மந்தைகள் இவை. நல்ல ஆண்டின் செழிப்பு அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நீள்வதால், மெதுவாக அசையும் இரு அலைகள் தற்செயலாகப் பொருந்திவிடுகின்றன. 0.7 இருக்கும்போது 20 ஆண்டுத் தரவு ஏறக்குறைய 7 தனித்தனி ஆண்டுகளுக்கே சமம். ஆகவே களத் தரவில் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஆண்டுக்காண்டு வளர்ச்சி வீதத்தை எடுத்து ஒப்பிடுங்கள். வெறும் வரைபடத்தைப் பார்த்து ‘ஒத்திசைவு’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

பிற்சேர்க்கை: பொது வானிலையை வைத்துக்கொண்டே, 0.7க்குப் பதில் ஒரு தீவுக்கு 0.9, மற்றதற்கு 0.2 போட்ட வாசகருக்கு ஒட்டுறவு 0.26 பக்கம் இறங்கியதாம். சரிதான், விதி ஒன்றாக இல்லையே. செயின்ட் கில்டாவிலும் பெருக்கம் நேர்கோட்டில் போவதில்லை. ஆகவே அந்த ஒத்திசைவுக்கு வானிலை இன்னும் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்று சூழலியலாளர் கிரென்ஃபெல் குழு 1998இல் காட்டியது.

ஆடுகள் தீவு மாறினால் என்ன ஆகும் என்று சோதிக்க: படி 4 போலவே பொது வானிலை 0 ஆக இருக்கட்டும். 0.7க்குப் பதில் சொந்த மந்தைக்கு 0.6, அடுத்த தீவின் போன ஆண்டுக்கு 0.1. ஒட்டுறவு 0.2 பக்கம்தான் வரும்.