கேரில் சர்ச்சில் நாடகங்கள எங்க ஆரம்பிக்கிறது, எப்படி படிக்கிறது, எப்படி பாக்குறது

பிரிட்டிஷ் நாடக ஆசிரியை கேரில் சர்ச்சிலோட நாடகங்கள எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா நிறைய பேர் யோசிக்காம 'டாப் கேர்ள்ஸ்'னு சொல்லிடுவாங்க. நானும் அதுல தான் ஆரம்பிச்சேன், பத்து பக்கத்துலயே மூடி வச்சிட்டேன். ஒரு ரெஸ்டாரன்ட் டேபிள சுத்தி ஆறு பொம்பளைங்க, ஒருத்தி பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தி ஆரம்பிக்கிறா, வரிக்கு நடுவுல சாய்வுகோடு வேற, நட்சத்திரக்குறி வேற, யார் யாருக்கு பதில் சொல்றாங்கன்னே பிடிபடல. கொஞ்ச வருஷம் கழிச்சு ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் சேர்ந்து அதே சீன சத்தமா படிச்சோம், அன்னிக்கு தான் எனக்கு விஷயம் விளங்குச்சு. சர்ச்சில் எழுதுறது வாய் விட்டு படிக்க வேண்டிய எழுத்து. மௌனமா படிச்சா பாதி கூட உள்ள இறங்காது.

1938ல லண்டன்ல பிறந்தவங்க, எழுபதுகள்ல இருந்து லண்டன்ல இருக்குற ராயல் கோர்ட் தியேட்டருக்கு எழுதிட்டு வர்றாங்க. எண்பது வயசுக்கு மேலயும் புது நாடகம் எழுதுனாங்க. ஒரு தடவ பண்ண வடிவத்த திரும்ப பண்றதே இல்ல, ஒவ்வொரு நாடகத்துக்கும் புதுசா ஒரு விளையாட்டு விதி போடுவாங்க, அதனால ஒண்ணு புடிக்கலன்னா இவங்கள ஒதுக்கிடாதீங்க, அடுத்தது முழுக்க வேற மாதிரி இருக்கும்.

நீங்க 'ஃபார் அவே'ல ஆரம்பிங்க. 2000ல வந்தது, மேடையில ஒரு மணி நேரம் கூட ஓடாது. முதல் சீன்ல ஜோன்னு ஒரு சின்ன பொண்ணு, அத்தை வீட்டுல ராத்திரி தூக்கம் வராம எழுந்து வர்றா. வெளிய ஏதோ சத்தம் கேட்டுச்சுங்கிறா, ஆந்தையா இருக்கும்னு பேச்சு போகுது. மாமா யாரையோ ஷெட்டுக்குள்ள தள்ளுறத பாத்தேங்கிறா, அத்தை அதுக்கும் ஒரு விளக்கம் வச்சிருக்கா. தரையில ரத்தம் இருந்துச்சுங்கிறா, அதுக்கும் ஒரு கதை. இந்த சீன படிக்கும்போது கையில பென்சில் வச்சுக்கங்க, பொண்ணு புதுசா ஒரு விஷயம் சொல்ற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கோடு போடுங்க, உடனே அத்தையோட கதை எப்படி மாறுதுன்னு பாருங்க. ஒரு இடத்துல கூட அத்தை நான் சொன்னது பொய்னு ஒத்துக்க மாட்டா, பழைய பொய்ய அப்படியே விட்டுட்டு புது பொய்க்கு போயிடுவா, கடைசியில அந்த பொண்ணயே தன் பக்கம் சேத்துக்குவா. நான் முதல்ல படிச்சப்ப அது நடந்ததே தெரியல, கோடு போட்டு படிச்சப்ப தான் வயித்த பிசைஞ்சுது.

அப்புறம் அந்த பொண்ணு பெரியவளாகி தொப்பி செய்யுற இடத்துல வேலைக்கு சேருவா. அழகழகா தொப்பி செய்றாங்க, எதுக்குன்னா சாகப்போற கைதிங்க அத போட்டுட்டு ஊர்வலமா போறதுக்கு. வேலை செய்றவங்களுக்கு அதுல சங்கடமே இல்ல, சம்பளம், எந்த தொப்பி நல்லாருக்கு, இது தான் பேச்சு. ஊர்வலத்துக்கு எத்தன பேர் வேணும்னு சர்ச்சில் குறிப்பு எழுதியிருக்காங்க, அஞ்சு பேர் பத்தாது, பத்த விட இருபது மேல்னு சொல்லிட்டு நூறுன்னு போட்டு ஒரு கேள்விக்குறி. அந்த கேள்விக்குறிகிட்ட கொஞ்சம் நில்லுங்க. படிக்கும்போது ஊர்வலம் ஒரே ஒரு வரி தான், கண்ண மூடிட்டு ஒவ்வொரு ஆளா நடக்க விட்டு பாத்தா தான் அதோட கனம் தெரியும்.

அடுத்தது 'எ நம்பர்', 2002. ரெண்டே நடிகர். ஒரு அப்பா, தான் ஒரு க்ளோன், அதாவது இன்னொருத்தரோட நகல்னு தெரிஞ்சிக்கிட்ட ஒரு மகன். மகன் வேஷம் போடுறவரே ஒரே உடம்புள்ள மூணு வேற ஆளுங்களா வரணும். முதல் மேடையேற்றத்துல மைக்கேல் கேம்பன் அப்பாவா, டேனியல் கிரெய்க் மகனா நடிச்சாங்க. வசனத்துல கமா, முற்றுப்புள்ளி ரொம்ப கம்மி, பாதி வாக்கியம் அந்தரத்துல நிக்கும். இத ரெண்டு பேர் உக்காந்து படிங்க, முதல் தடவ நடிக்க முயற்சி பண்ணாதீங்க, எங்க மூச்சு விடணும்னு மட்டும் தேடுங்க, மூச்சு விடுற இடம் கிடைச்சா அர்த்தம் தானா வரும். 2008ல இது டிவி படமாவும் வந்துச்சு, டாம் வில்கின்சனும் ரீஸ் இஃபான்ஸும் நடிச்சது, படிச்ச பிறகு கிடைச்சா பாருங்க.

இப்ப 'டாப் கேர்ள்ஸ்'க்கு வாங்க. 1982, பிரிட்டன்ல மார்கரெட் தாட்சர் பிரதமரா இருந்த காலம். மார்லின்னு ஒருத்தி, வேலைவாய்ப்பு ஏஜென்சியில ப்ரமோஷன் கிடைச்ச சந்தோஷத்துல விருந்து வைக்கிறா, வர்றவங்க எல்லாம் வரலாறுல, கதையில, ஓவியத்துல இருந்து வந்த பொம்பளைங்க, ஆம்பள வேஷத்துல போப்பா இருந்ததா சொல்லப்படுற ஜோன், ஜப்பான் அரண்மனையில இருந்து அப்புறம் பிக்குணியான நிஜோ, இப்படி. சாய்வுகோடு எப்படி வேலை செய்யுதுன்னு நானே ஒரு உதாரணம் எழுதி காட்டுறேன்.

அக்கா: நான் நேத்தே சொன்னேன் / நீ தான் காதுலயே வாங்கல.
தங்கச்சி: எப்ப சொன்ன?

சொன்னேன் வந்ததும் தங்கச்சி ஆரம்பிச்சிடணும், ஆனா அக்கா நிறுத்தக்கூடாது, ரெண்டும் ஒரே நேரத்துல கேக்கணும். நட்சத்திரக்குறி இருந்தா அந்த வசனம் உடனே முன்னாடி இருக்குற வரிக்கு பதில் இல்ல, அதுக்கும் முன்னாடி பேசுனதோட தொடர்ச்சி. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்து முதல்ல மெதுவா, குறிய மதிச்சு படிங்க, கண்டிப்பா தடுமாறும், விடாம மூணாவது தடவ வேகமா படிங்க. அப்ப ஒண்ணு காதுல விழும், இந்த பொம்பளைங்க தன் கதைய சொல்ல துடிக்கிறாங்க, குழந்தைய பறிகொடுத்த கதைய ஒருத்தி சொல்லும்போது கூட பக்கத்துல இருக்கிறவ முழுசா கேக்குறதில்ல. யாரும் யாரையும் கேக்கலங்கிறத சர்ச்சில் வசனமா எழுதல, அந்த சாய்வுகோட்டுல வச்சிருக்காங்க. கடைசி சீன் காலக்கணக்குல ஒரு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, மார்லினும் அவ அக்கா ஜாய்ஸும் ராத்திரி சமையலறையில சண்ட போடுற சீன். படிச்சு முடிச்சதும் திரும்ப நடுவுல இருக்குற ஏஜென்சி சீன படிங்க, அங்க மார்லின், ஜாய்ஸ் வளக்குற பொண்ணு ஏஞ்சிய பத்தி சொல்ற ஒரு சின்ன வரி இப்ப தாங்காது.

பாக்குறதுக்கு முன்னாடி படிக்கணுமாங்கிற கேள்வி எல்லாரும் கேப்பாங்க. என் கருத்து, 'டாப் கேர்ள்ஸ்' படிச்சிட்டு போங்க, 'ஃபார் அவே' படிக்காம போக வாய்ப்பு இருந்தா படிக்காம போங்க. 1979ல வந்த 'க்ளவுட் நைன்' மட்டும் முடிஞ்சா மேடையில பாத்தே ஆகணும். அதுல முதல் பாகத்துல பெட்டிங்கிற மனைவிய ஆம்பள நடிக்கணும், கறுப்பின வேலைக்காரன வெள்ளைக்காரர் நடிக்கணும்னு எழுதியிருக்கு, படிக்கும்போது ரெண்டாவது பக்கத்துலயே அது மறந்துடும், மேடையில ஒரு நிமிஷம் கூட மறக்க முடியாது. ரெண்டாவது பாகத்துல நூறு வருஷம் தாண்டிடும், ஆனா கதாபாத்திரங்களுக்கு இருபத்தஞ்சு வயசு தான் கூடியிருக்கும். ஏன்னு குழம்பாதீங்க, அப்படியே ஏத்துக்கிட்டு போங்க.

தியேட்டர்ல லேட்டா மட்டும் போயிடாதீங்க, இவங்க நாடகம் பலதும் சின்னது, பத்து நிமிஷம் விட்டா பெரிய பங்கு போச்சு. காட்சிக்குறிப்பு ரொம்ப கம்மியா தான் எழுதுவாங்க, அதனால அரங்கு, உட்காருற இடம், இடைவெளி எல்லாம் டைரக்டரோட முடிவு, அத பிரிச்சு பாருங்க. 2012ல வந்த 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்'ல இது உச்சத்துக்கு போகும், குட்டிக்குட்டி சீன்கள் அம்பதுக்கு மேல, பேசுறது யார்னு பேரே கிடையாது. ஒரு சீன எடுத்து அம்மா மகனா ஒரு தடவ, ஆஸ்பத்திரியில டாக்டரும் நோயாளியுமா ஒரு தடவ படிச்சு பாருங்க, ஒரு வார்த்தை மாத்தாம ரெண்டும் ரெண்டு கதையா நிக்கும்.

இவங்க துணிச்சலுக்கு உதாரணமா 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' பத்தியும் சொல்லணும். 2009, காசா போர் நேரத்துல எழுதுனது, பத்து நிமிஷம் தான். ஒவ்வொரு சீன்லயும் யூதக் குடும்பத்துப் பெரியவங்க ஒரு குழந்தைக்கு எத சொல்றது, எத மறைக்கிறதுன்னு பேசிக்குறாங்க, வரிக்கு வரி அவகிட்ட சொல்லு, அவகிட்ட சொல்லாத. யார் வேணா உரிமத்தொகை இல்லாம நடிக்கலாம், டிக்கெட் காசு வாங்கக்கூடாது, பாலஸ்தீன மக்களோட மருத்துவ உதவிக்கு பணம் திரட்டணும்ங்கிறது தான் நிபந்தனை. யூத வெறுப்புன்னு கடுமையான குற்றச்சாட்டு வந்துச்சு, 2022ல ஜெர்மனியில இவங்களுக்கு அறிவிச்ச விருத திரும்ப எடுத்துக்கிட்டப்பவும் இந்த நாடகம் பேச்சுல வந்துச்சு. மத்தவங்க கருத்த படிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே படிங்க, 'ஃபார் அவே' முதல் சீன் முடிச்ச கையோட படிங்க, அந்த அத்தை இங்கயும் இருக்கா.

இதெல்லாம் முடிச்ச பிறகு 'எஸ்கேப்ட் அலோன்', 2016. எழுபது வயச தாண்டுன நாலு பொம்பளைங்க வீட்டுப் பின்கட்டு தோட்டத்துல உக்காந்து கதை பேசுறாங்க, நடுநடுவுல ஜாரெட்னு ஒருத்தங்க மட்டும் தனியா வந்து உலகம் அழிஞ்ச கதைய சொல்லிட்டு போறாங்க. முடிவுக்கு கொஞ்சம் முன்னாடி அவங்களுக்கு ஒரு பேச்சு வரும், பயங்கர கோபம்ங்கிற ரெண்டே வார்த்தை, திரும்பத் திரும்ப, வேற எதுவும் இல்ல. கண்ணால தாண்டி போயிடாதீங்க. எழுந்து நின்னு சத்தமா சொல்லுங்க, ஒரு தடவ சொன்ன மாதிரி மறு தடவ சொல்லாம.